விற்கச் செய்ததும் கொடுக்கச் செய்ததும்

பர்மாவின் பழைய அரக்குச் சாமான்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் உலகின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் ஒரே பக்கத்தில் வெற்றிலைச் செல்லமும், பிக்குகளுக்குச் சோறு எடுத்துச் சென்ற கோபுர மூடிப் பாத்திரமும், மடத்து ஏட்டுப் பெட்டியும், பொன் பூசிய புத்தர் சிலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லாவற்றையும் எடைபோடும் அளவுகோல் ஒன்றுதான்: எவ்வளவு பழையது, எவ்வளவு அழகு, எவ்வளவு அரிது, எவ்வளவு சேதமில்லாதது. இந்த அளவுகோல் போதாது என்பதே என் வாதம். அந்தப் பக்கத்தில் நிற்பவை ஒரே மரத்தின் பாலால் ஆனவை என்றாலும் இரண்டு வேறு நோக்கங்களுக்காகப் பிறந்தவை. ஒரு வகை கடையில் வைத்து விற்கச் செய்தது. மற்றொரு வகை புண்ணியம் வேண்டிக் கொடுக்கச் செய்தது. இந்தப் பிரிவினை வெளியார் யாரும் வகுத்ததன்று. செய்தவர்களும் கொடுத்தவர்களும் பொருளின் மேலேயே எழுதி வைத்திருப்பது. அந்த எழுத்தைப் படித்து, அதன்படி நடக்கிற சேகரிப்பாளருக்குத்தான் நல்ல சேகரிப்பு அமையும். அறத்தால் மட்டும் அல்ல, அறிவாலும் அதுதான் மேலானது.

முதலில் பொருளைப் பார்ப்போம். அரக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கு. பொட்டலத்துக்கு முத்திரை வைக்கவும், சன்னபட்டணத்து மரப்பொம்மைக்கு மெருகேற்றவும் பயன்படுவது. சூடு பட்டால் உருகிவிடும். பர்மாவின் அரக்கு அந்த இனமே இல்லை. அது திட்சி என்ற மரத்தின் பால். ஷான் மாநிலத்துக் காடுகளில் தானாக வளரும் மரம். அடிமரத்தில் ஆப்பு வடிவில் கீறி, கீறலின் கூர்முனையில் மூங்கில் குவளையைச் செருகி, வடிகிற பாலைச் சேர்க்கிறார்கள். காற்றுப் பட்டதும் அது கறுத்துவிடுகிறது. இதன் விந்தையான குணம், காய்வதற்கு ஈரம் வேண்டும் என்பதுதான். மற்றப் பூச்சுகள் வெயிலில் உலரும். இது ஈரக் காற்றில், பாலிலேயே உள்ள ஒரு நொதி தூண்ட, மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு இறுகும். அதனால் வறண்ட பூமியான பகானில், பட்டறை தோறும் தரைக்கடியில் நிலவறை கட்டியிருக்கிறார்கள். பூசிய பாத்திரம் ஒவ்வொரு பூச்சுக்கும் பல நாள் அந்த இருட்டில் கிடக்க வேண்டும். இறுகிய பிறகு தண்ணீர், எண்ணெய், புளிப்பு எதற்கும் எளிதில் இளகாது. வெயில்தான் அதற்குப் பகை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் மூங்கில். மெல்லிய சிம்புகளாகச் சீவி, வளையம் வளையமாகச் சுற்றியோ பின்னியோ உருவம் பிடிக்கிறார்கள். மிக உயர்ந்த கிண்ணங்களில் மூங்கில் சிம்புக்கு ஊடே குதிரைமயிரைப் பின்னுவார்கள். அப்படிப்பட்ட கிண்ணத்தின் எதிரெதிர் விளிம்புகளை விரலால் அழுத்தினால் ஒன்றையொன்று தொடும். விட்டால் பழைய வட்டத்துக்கே திரும்பும். பின்னலின் இடுக்குகளை அடைக்க, அரக்கோடு எலும்புச் சாம்பல், உமிச் சாம்பல் போன்றவற்றைக் குழைத்துத் ‘தாயோ’ என்ற களிம்பைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் கடைசலில் ஏற்றித் தேய்ப்பு, பிறகு மறு பூச்சு, மறுபடி நிலவறை. நல்ல பாத்திரம் ஒன்று முடிய மாதக் கணக்காகும். இதற்குப் பிறகுதான் பகானுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘யுன்’ வேலை தொடங்கும். கறுப்பு மேற்பரப்பில் இரும்பு ஊசியால், அச்சோ வரைபடமோ இல்லாமல், கைப்போக்கில் கோடு கீறுவார்கள். முதலில் சிவப்பு வர வேண்டிய கோடுகள் மட்டும். சிவப்பைத் தேய்த்து நிரப்பி, மிஞ்சியதைத் துடைத்து, பிசின் பூசி மூடிவிட்டுப் பச்சைக்குரிய கோடுகளைக் கீறுவார்கள். அதன் பிறகு மஞ்சள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் மீண்டும் காத்திருப்பு. இந்தக் கீறல் கலை 1558-இல் பர்மிய மன்னர் பயின்னௌங் சியாங் மை நகரைக் கைப்பற்றி, அங்கிருந்த கைவினைஞர்களைப் பெகுவுக்குக் கொண்டுவந்ததன் பின் பரவியது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எல்லாச் சாமானும் இப்படி அலங்காரம் பூண்டதல்ல. மோன்யுவாவுக்கு அருகிலுள்ள சௌக்காவில் செய்தது வெறும் கறுப்பும் சிவப்பும். அந்த ஊர்ப் பாத்திரங்களின் உறுதியும் எளிமையும் எனக்கு மிகப் பிடித்தவை.

பழைய வெற்றிலைச் செல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பர்மியர் அதைக் குன்-இட் என்கிறார்கள். உருளை வடிவம். மூடி வெறும் தலைப்பாகம் இல்லை. உடம்பு முழுவதையும் போர்த்திக்கொண்டு அடிவரை இறங்கும். நல்ல வேலைப்பாடுள்ள செல்லத்தில் மூடியை மேலே பொருத்திக் கையை எடுத்துவிட்டால் அது பொத்தென்று விழாது. உள்ளே சிக்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, மெல்ல மெல்லத் தானே இறங்கி உட்காரும். திறந்தால் உள்ளே இரண்டு தட்டுகள். அடியில் வெற்றிலை, தட்டுகளில் பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, புகையிலை, கிராம்பு. வெளிப்புறம் முழுவதும் அரண்மனைக் காட்சி, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை, கொடிக்கருக்கு, கிழமைக்குரிய விலங்குகள் என ஏதாவது ஒன்று இடைவெளியின்றி ஓடும். மூடியின் விளிம்பிலோ காட்சிகளுக்கு இடையேயோ சிறு கட்டமிட்டு, அதற்குள் வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் இரண்டொரு வரி இருக்கும். நீண்ட காலமாக வாங்குபவர்கள் அதையும் அலங்காரம் என்றே எண்ணிக் கடந்து போனார்கள்.

அந்த வரிகளைப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் ஐசக்ஸ். பிரிட்டிஷ் கவுன்சிலின் ரங்கூன் பொறுப்பாளராக இருந்த காலத்தில் அவரும் மனைவி ரூத்தும் அரக்குச் சாமான்களைச் சேர்த்தார்கள். பின்னர் அந்தச் சேகரிப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அங்கிருந்த ரிச்சர்ட் பிளர்ட்டனோடு சேர்ந்து 2000-இல் ஐசக்ஸ் வெளியிட்ட நூல், படங்களோடு கல்வெட்டறிஞர் சாசனம் படிப்பது போல இந்தச் சிறு எழுத்துகளையும் படித்துத் தந்தது. அவற்றிலிருந்து தெரிவது என்ன? வெற்றிலைச் செல்லத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் பட்டறைக்காரரின் குரல். ஆசானின் பெயர், படத்தின் கதை, சில வேளைகளில் ஆண்டு, வாங்கியவரின் பெயர், இது எங்கள் அசல் வேலை என்ற உரிமைக் குரல். அதாவது, சந்தையில் போட்டியாளர்கள் நடுவே தன் பொருளை நிறுத்தி விற்றவரின் பேச்சு. ஆண்டு பர்மிய சகாப்தத்தில் இருக்கும். 638-ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். 1279 என்றிருந்தால் 1917. புத்தாண்டு ஏப்ரலில் பிறப்பதால் சில மாதங்களுக்கு 639 கூட்ட வேண்டும். ஒரு செல்லத்தில் இந்த வரி இருந்தால், ஒரு கைவினைஞரின் பெயரும் காலமும் நமக்குக் கிடைக்கின்றன. பெயரற்ற ‘பர்மியக் கலை’ ஒரு மனிதரின் கைவேலையாக மாறுகிறது. அழகான, எழுத்தில்லாத செல்லத்தைவிட, விளிம்பு சிதைந்தாலும் ஆசானின் பெயரும் ஆண்டும் உள்ள செல்லத்தையே மேலானதாகக் கருத வேண்டும் என்பேன். சந்தை விலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. புரிந்து சேகரிப்பவருக்கு அதுவே நல்வாய்ப்பு.

கொடுக்கச் செய்த பொருள்களில் எழுத்தின் குரல் வேறு. சுன்-ஒக் என்பது பகோடாவின் சிகரம் போன்ற கூர்மூடியுடைய உணவுப் பாத்திரம். மண்டலே பாணியில் தாயோ களிம்பால் புடைப்பு வேலை செய்து, தங்க இலை ஒட்டி, கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பார்கள். சடைக் என்பது மடத்தின் ஏட்டுப் பெட்டி. அதன் முகப்பில் தங்கத்தில் வெஸ்ஸந்தர ஜாதகமோ மஹோசத ஜாதகமோ ஒளிரும். தேரில் பூட்டிய குதிரைகளையும், பெற்ற பிள்ளைகளையும், மனைவியையும் தானமாகக் கொடுத்த வெஸ்ஸந்தரன் பர்மியர் மனத்துக்கு மிக நெருக்கமானவன். கம்மவாசா ஏடு இன்னும் நுட்பமானது. துணிமேல் அரக்கு ஏற்றி, தங்கமும் சிவப்பும் தீட்டி, அதன்மேல் தடித்த கறுப்பு அரக்கால் புளியங்கொட்டை போன்ற சதுர எழுத்துகளில், துறவேற்கும் சடங்குக்குரிய வினயப் பகுதிகளை எழுதியிருப்பார்கள். மகன் மடத்தில் சேரும்போது குடும்பம் அதை எழுதுவித்துக் கொடுக்கும். மதிப்புக்குரியவர் உடுத்திய ஆடையையே அந்தத் துணியாகப் பயன்படுத்துவதும் உண்டு. இப்படிப்பட்ட பொருள்களில் கொடுத்த கணவன் மனைவியின் பெயர், ஊர், இந்தப் புண்ணியத்தால் நிப்பானம் கிட்ட வேண்டும் என்ற வேண்டுதல், இதில் எல்லா உயிர்களுக்கும் பங்குண்டு என்ற அறிவிப்பு, தேவரும் மனிதரும் ‘சாது’ என்று வாழ்த்த வேண்டும் என்ற அழைப்பு ஆகியவை இடம்பெறும். விற்பனை பற்றிய பேச்சே இல்லை. சொல்லப்படுவது, இது இன்னாரால் இன்ன காரணத்துக்காகக் கைவிடப்பட்டது, திரும்பப் பெறுவதற்கில்லை என்பதுதான்.

இது பிற்காலத்தில் தோன்றிய பழக்கம் அல்ல. பகானில் 1113-ஆம் ஆண்டையொட்டிய மியசேடி சாசனம், பாலி, மோன், பியூ, பர்மியம் ஆகிய நான்கு மொழிகளில் ஒரே செய்தியைச் சொல்கிறது. இளவரசர் ராஜகுமார், நோயுற்ற தந்தை சான்சித்தாவுக்காகப் பொன்னால் புத்தர் சிலை செய்வித்து, கோயில் எழுப்பி, மூன்று ஊர் அடிமைகளை அதற்கு விட்டார். இந்தத் தானத்துக்குக் கேடு செய்பவர் வரப்போகும் மைத்ரேய புத்தரைக் காணாது போகட்டும் என்று அது முடிகிறது. இதைப் படிக்கும் தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அறத்துக்கு அழிவு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று நம் கோயில் கல்வெட்டுகளும் முடிவதைப் பார்த்திருக்கிறோம். பகானிலேயே மியின்பகான் பகுதியில் 13-ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு; மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. அந்த விளக்கு இன்று ஏலத்துக்கு வந்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் பர்மியக் குடும்பம் ஒன்று கொடுத்த சுன்-ஒக்கையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

புத்தர் சிலைக்கு இந்த எல்லை இன்னும் தெளிவானது. துணியையும் அரக்கையும் கொண்டு அச்சின்மேல் பொதிந்து, உள்ளே வெறுமையாகச் செய்யும் சிலைகள் பர்மாவில் உண்டு. பெரிய உருவமாயினும் எடை குறைவு. பட்டறையில் இருக்கும்வரை எந்தச் சிலையும் கைவேலைதான். யாரும் அதை வணங்குவதில்லை. பிக்குகள் கூடி, ஞானம் பெற்றபோது புத்தர் சொன்னதாகக் கருதப்படும் பாலிச் செய்யுள்களை ஓதும் அனேகசா சடங்கு முடிந்த பிறகே அது வணக்கத்துக்குரியதாகிறது. ஆக, விலைக்குரியது எந்த நொடியில் விலைக்கு அப்பாற்பட்டதாகிறது என்பதை அந்த மரபே நிர்ணயித்திருக்கிறது.

இந்த எல்லை மீறப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்குப் பகான் முழுவதும் சான்றுகள் கிடைக்கும். 1899-இல் தோமன் என்ற ஜெர்மானியர் வெட்சி-இன் குப்யௌக்ஜி கோயிலுக்குள் புகுந்து, சுவரோவியங்களைச் சதுரம் சதுரமாக அறுத்தெடுத்தார். அவற்றில் ஒரு பகுதி ஹாம்பர்க் அருங்காட்சியகத்தை அடைந்தது. எடுத்த இடத்தில் வெற்றுச் சுவர் இன்றும் நிற்கிறது. ஜாதகக் கதைகளின் நீண்ட வரிசையில் எது எங்கே இருந்தது என்ற ஒழுங்கு உடைந்துபோனது. பழைய சிலைகள் பலவற்றின் மார்பும் முதுகும் உடைந்திருப்பதற்குக் காரணம், உள்ளே வைத்த தாதுப்பொருள்களையும் விலையுயர்ந்தவற்றையும் தேடிய திருடர்கள். 1980களின் இறுதியில் பகானிலிருந்து திருடப்பட்ட பழைய புத்தர் சிலை ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, வட இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பர்மியக் கலை அறிஞர் ரிச்சர்ட் கூலர் அதை அடையாளம் கண்டார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருந்த பிறகு அது தாயகம் திரும்பியது. இப்படி மீள்வது அரிது. அன்றாடம் நடப்பதோ சத்தமில்லாதது. கம்மவாசா ஏட்டின் கட்டைப் பிரித்து, ஓலை ஓலையாகக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்கிறார்கள். முழு ஏட்டைவிடத் தனி ஓலைகளுக்குக் கூடுதல் பணம் கிடைக்கும். வாங்குபவர் சுவரில் தங்க நிறத்தில் ஒரு தாள் தொங்கும். யார் கொடுத்தது, எந்த மடத்துக்கு, எந்த ஆண்டு என்ற செய்தி பெரும்பாலும் கடைசி ஓலையில் இருப்பதால், மற்ற ஓலைகள் அனைத்தும் அநாதைகளாகிவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை; ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை. முதலாவது, பௌத்த மரபுக்குள்ளிருந்தே எழுவது: எல்லாம் நிலையற்றது என்று போதித்த சமயம் ஒரு பழம்பெட்டியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? பர்மியரே பழைய சிலைக்குப் புதுத் தங்கம் ஏற்றுகிறார்கள், பழுதான பகோடாவை இடித்து மேலே புதிது கட்டுகிறார்கள், பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புது இரும்பு அலமாரி வாங்கும் மடங்களும் உண்டு. இவையெல்லாம் உண்மை. புதுப்பித்தல் புண்ணியம் என்று நம்பும் மரபு அது. பழையதைப் பழையதாகவே போற்றுவது நம் காலத்து ஆசை. ஆனால் அதே மரபின் சட்டநூலான வினய பிடகம் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது. சங்கத்துக்குக் கொடுத்தவற்றில் நிலம், கட்டடம், கட்டில், உலோகப் பாத்திரம், மூங்கில், மரச் சாமான், மண் சாமான் போன்றவற்றைக் கனத்த உடைமை என்று தனியே வகைப்படுத்தி, அவற்றைத் தனிப் பிக்குவோ, ஒரு மடத்துப் பிக்குகள் எல்லாரும் கூடியோகூட எடுத்துக் கொடுத்துவிட முடியாது என்கிறது. அவை நாற்றிசைச் சங்கத்துக்கும், இனி வரப்போகும் பிக்குகளுக்கும் சொந்தம். உரைநூல்கள் சிறு பொருள்களுக்கு விலக்குத் தருகின்றன. சங்கத்தின் நலனுக்காக ஒரு கனத்த பொருளுக்கு ஈடாக மற்றொன்றைப் பெறவும் இடம் தருகின்றன. எனவே மடம் ஒன்று முறையாக முடிவெடுத்துப் பழைய பெட்டியை மாற்றிக்கொண்டால், அதை வாங்கியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த முடிவு எங்கே, யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்ற பதிவை அவர் காட்ட வேண்டும். சந்தைக்கு வரும் சடைக்குகளில் அப்படிப்பட்ட பதிவோடு வருபவை மிகக் குறைவு என்பதே பிரச்சினை.

இரண்டாவது வாதம்: வெளியே போனதால்தான் பிழைத்தது. கரையானும் ஈரமும் போரும் நிலநடுக்கமும் தின்றவை எத்தனை! மண்டலே அரண்மனை 1945-இல் போரில் எரிந்தது. 1975-இலும் 2016-இலும் பகான் குலுங்கியது. 2025 மார்ச் 28-இல் 7.7 அளவிலான நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங், இன்வா வட்டாரத்து மடங்களும் பகோடாக்களும் இடிந்து விழுந்தன. 1885-இல் பிரிட்டிஷார் அள்ளிச் சென்ற அரச அணிகலன்கள் லண்டனில் இருந்ததால்தான் எரியாமல் தப்பி, 1964-இல் பர்மாவுக்குத் திரும்ப முடிந்தது என்று சுட்டிக்காட்டுவார்கள். இதை மறுக்க முடியாது. ஐசக்ஸ் தம்பதியின் சேகரிப்பு இல்லையென்றால் பல ஆசான்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அரச அணிகலன்கள் எங்கிருந்து வந்தன என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் திருப்பிக் கேட்கவும் கொடுக்கவும் முடிந்தது. அன்று பர்மிய அரசு நன்றியாக, அன்னப் பறவை வடிவிலான பொன் வெற்றிலைப் பாத்திரத்தை, அவை இருந்த லண்டன் அருங்காட்சியகத்திலேயே விட்டு வைத்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று தெளிவாக இருந்த இடத்தில் இரு நாடுகளுக்கும் கண்ணியமான உறவு பிறந்தது. ஐசக்ஸ் சேகரிப்பும் காப்பாற்றியது பெட்டிகளை மட்டுமன்று, அவற்றின் எழுத்தையும். பொருளை எடுத்துக்கொண்டு அதன் செய்தியை அழித்துவிடும் வாங்கலுக்கு ‘காப்பாற்றல்’ என்ற பெயர் பொருந்தாது. நிலநடுக்கத்துக்குப் பிந்தைய இந்த ஆண்டுகளில் இது இன்னும் முக்கியம். இடிபாடுகளிலிருந்து வெளிப்படும் சிறு சிலைகளும், ஒருவர் கைக்குள் அடங்கும் சுடுமண் பலகைகளும் எளிதில் எல்லை கடந்துவிடும். 11-ஆம் நூற்றாண்டு மன்னர் அனௌரதாவின் பெயர் பொறித்த அத்தகைய பலகைகள் பர்மிய வரலாற்றுக்கே முதன்மைச் சான்றுகள். அவற்றின் மதிப்பில் பாதி, எந்த மேட்டில் எந்த அடுக்கில் கிடைத்தன என்பதில் இருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விற்கச் செய்தது, கொடுக்கச் செய்தது என்ற கோடு நடைமுறையில் இவ்வளவு நேராக இல்லை. ஒரு சுன்-ஒக்கில் விழா நாளில் சோறு மடத்துக்குப் போகும், பாத்திரம் வீட்டுக்குத் திரும்பிவிடும். குடும்பச் சொத்தாக இருந்த அதை வறுமையில் விற்றால் அதில் தவறென்ன? காலனி ஆட்சியில் அதிகாரிகளுக்கும் பயணிகளுக்கும் விற்கவென்றே சுன்-ஒக்குகள் செய்யப்பட்டன. அவற்றில் ஒருநாளும் சோறு இருந்ததில்லை. இதனால்தான் பொருளின் வடிவத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, எழுத்தையும் தேய்மானத்தையும் கைமாறிய வரலாற்றையும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். தானம் பற்றிய வரி இருந்து, மடத்தின் பெயரும் இருந்தால், அது ஒரு பக்கம். ஒன்றும் இல்லாமல், குடும்பம் விற்றதற்கான சான்று இருந்தால், மறுபக்கம். இரண்டும் இல்லாத, கேட்டால் தரகர் தோளைக் குலுக்குகிற பொருள்தான் சந்தையில் ஏராளம். அதை விட்டுவிடுவதே சரி. அது பெரும் இழப்பு என்று தோன்றினால், வெற்றிலைச் செல்லங்களின் உலகம் எவ்வளவு பெரியது என்பதை நினைத்துக்கொள்ளலாம். ஊறவைத்த தேயிலை பரிமாறும் லஃபெட் தட்டுகள், தண்ணீர்க் கிண்ணங்கள், உணவு அடுக்குகள், சௌக்காவின் கறுப்புச் சாமான்கள், கெங்துங்கின் புடைப்பு வேலைகள் என்று ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. இன்று மியான்மர் எனப்படும் பர்மாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட கைப்பொருளைத் தொல்பொருளாகக் கருதுகிறது; கலாசாரப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் அந்நாடு 2013-இல் இணைந்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்து ஏடுகளுக்கு வரம்பு 75 ஆண்டு.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்மாவின் எல்லைக்கு இருபுறமும் ‘பழைய’ புத்தர் சிலைகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. மணிகளும் ஜிகினாவும் தைத்த தொங்குதிரைகளில் பழையவை என்று விற்கப்படும் பல, 1970களுக்குப் பின் பயணிகளுக்காகச் செய்தவை. அரக்குச் சாமானில் உண்மையான வயது, கை தொட்ட இடத்தில் தெரியும். மூடியின் உள்விளிம்பு உடம்பில் உரசிய வளையம், தட்டில் சுண்ணாம்பு படிந்த வெண்மை, அடிப்பாகத்தில் தரையில் இழுத்த தேய்வு ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எங்கும் ஒரே சீராக வெடிப்பும் அழுக்கும் இருந்தால் ஐயப்பட வேண்டும். வாங்கிய பிறகு எண்ணெய் தடவக்கூடாது, கழுவக்கூடாது, கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைக்கக்கூடாது. குளிர்சாதன அறையின் வறட்சி மூங்கிலைச் சுருக்கி மேற்பூச்சைப் பிளந்துவிடும். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

தமிழ்நாட்டில் இந்தச் சேகரிப்பை மிக நேர்மையாகத் தொடங்கக்கூடிய இடம் செட்டிநாடு. பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் தேக்கோடு அரக்குச் சாமான்களையும் கொண்டுவந்தன. மரவை என்று சொல்லி, மகளுக்குச் சீர் வரிசையில் வைத்துக் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கி, கப்பலில் வந்து, வீட்டில் புழங்கிய பொருள்கள் அவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்று அவை விற்கும்போது, எந்த வீட்டிலிருந்து, எந்தத் தலைமுறையில் வந்தது என்ற செய்தி வழியிலேயே தொலைந்துவிடுகிறது. மரவை இன்னும் வீட்டிலேயே இருக்கும் குடும்பங்கள், பெரியவர்கள் இருக்கும்போதே, யார் வாங்கியது, பர்மாவில் எந்த ஊரில் கடை வைத்திருந்தார், யாருக்குச் சீராகப் போனது என்று எழுதி அதனோடு வைக்கலாம். பர்மிய எழுத்து இருந்தால் படமெடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டலாம்.

தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பகானில் 1924-இல் தொடங்கிய அரக்கு வேலைப் பள்ளி நூறாண்டைக் கடந்துவிட்டது. 2021-க்குப் பின் பயணிகள் வரத்துக் குறைந்து, பட்டறைகள் தள்ளாடுகின்றன. மரத்தில் பால் எடுப்பவர் முதல் ஊசி பிடிக்கும் பெண்கள் வரை வருமானம் குறைந்துள்ளது. பழையதற்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒரு சேகரிப்பாளர் புதுச் செல்லம் ஒன்றுக்கு ஒதுக்கி, மாதக்கணக்கில் காத்திருக்கச் சம்மதித்து, செய்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பழைய முறைப்படி மூடி விளிம்பில் கீறித் தரச் சொன்னால், பட்டறைக்காரர் அதை மறுக்கமாட்டார். பெயர் போட்டு விற்பதில் அவர்கள் முன்னோருக்கு இருந்த பெருமை அந்தச் செல்லங்களிலேயே இருக்கிறது.